பிரேசிலுக்கு முதல் ஆஸ்கார் 1960லயா 2025லயா? பிரியாணி பந்தயம், தீர்த்து வைங்க

பால்கனி_டிக்கெட்:

வணக்கம் மக்களே, ஒரு சின்ன பஞ்சாயத்து. ஆபீஸ்ல லஞ்ச் டைம்ல பேச்சு எங்கெங்கயோ சுத்தி பிரேசில் படத்துல வந்து நின்னுச்சு. நான் சொன்னேன், பிரேசிலுக்கு முதல் ஆஸ்கார் 2025 மார்ச்லதான் கிடைச்சது, ஐம் ஸ்டில் ஹியர் படத்துக்குன்னு. பக்கத்து சீட்டு நண்பர் ஒத்துக்கவே மாட்டேங்கறாரு. போன்ல பிளாக் ஆர்ஃபியஸ்னு ஒரு படத்த எடுத்து காட்டி, இது ரியோல எடுத்தது, பேசறது போர்ச்சுகீஸ், நடிச்சவங்க பெரும்பாலும் அந்த ஊர் ஆளுங்க, 1960லயே ஆஸ்கார் வாங்கிடுச்சு, நீ என்ன 65 வருஷம் கழிச்சு வந்து முதல் ஆஸ்கார்ங்கறன்னு நக்கல் வேற. ரெண்டு மட்டன் பிரியாணி பந்தயம் கட்டியாச்சு.

யாரு சொல்றது சரி? அப்புறம் இன்னொரு சந்தேகம், ஃபுட்பால்ல அஞ்சு வேர்ல்ட் கப், பாட்டு உலகம் பூரா தெரியும், சினிமாவுல மட்டும் ஏன் இவ்ளோ நாள் ஆச்சு? நான் பார்த்த ஒரே பிரேசில் படம் சிட்டி ஆஃப் காட்தான், அதுவும் காலேஜ் ஹாஸ்டல்ல யாரோட ஹார்ட் டிஸ்க்ல இருந்தோ. எங்க இருந்து ஆரம்பிக்கலாம்னும் சொல்லுங்க. டவுன்லோடு லிங்க் கேக்கல, பயப்படாதீங்க.

ரீல்பெட்டி:

தம்பி பிரியாணி உங்களுக்குத்தான். ஆனா நண்பர் சொல்றதும் முழுசா தப்பில்ல, அதான் இதுல சுவாரஸ்யமே.

வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கார் கணக்குப்படி டைரக்டருக்கு இல்ல, படத்த அனுப்பி வச்ச நாட்டுக்குத்தான் போகும். பிளாக் ஆர்ஃபியஸ் எடுத்தவரு மார்செல் காமூ, பிரெஞ்சுக்காரரு. கதை வினீசியஸ் ஜி மொராயிஸ் எழுதின நாடகத்துல இருந்து வந்தது, பாட்டு டாம் ஜோபிம், லூயிஸ் போன்ஃபா, ஹீரோ பிரெனோ மெல்லோ நிஜத்துல ஒரு ஃபுட்பால் ஆட்டக்காரர். இவ்ளோ இருந்தும் அனுப்பினது பிரான்ஸ். அதனால 1959ல கேன்ஸ் பட விழாவோட முதல் பரிசான தங்கப்பனையும் சரி, அடுத்த வருஷ ஆஸ்காரும் சரி, ரெண்டும் பிரான்ஸ் கணக்குல போய் உக்காந்துருச்சு. கல்யாணம் நம்ம வீட்டுல நடந்துச்சு, மொய் நோட்டு பக்கத்து வீட்டுக்காரன் பேர்ல, அவ்ளோதான்.

இதே மாதிரி இன்னொன்னும் இருக்கு, நண்பருக்கு தெரிஞ்சா அதையும் தூக்கிட்டு வருவாரு. கிஸ் ஆஃப் த ஸ்பைடர் வுமன், எடுத்தவரு எக்டர் பாபென்கோ, பொறந்தது அர்ஜென்டினா, குடியுரிமை பிரேசில். சாவோ பாவ்லோவுல எடுத்த படம், பேசறது இங்கிலீஷ். 1986 ஆஸ்கார்ல பெஸ்ட் பிக்சர், டைரக்டர்னு நாமினேஷன் வாங்கி வில்லியம் ஹர்ட் பெஸ்ட் ஆக்டர் ஜெயிச்சாரு. அதுவும் பிரேசில் கணக்குல வராது, அமெரிக்க நடிகருக்கு கிடைச்ச விருது. ஆக பிரேசில் பேர் எழுதின ஆஸ்கார்னா 2 மார்ச் 2025 தான்.

ஆனா ஆஸ்கார வச்சு மட்டும் "இவ்ளோ நாள் ஆச்சு"ன்னு சொல்றது சரியில்ல. அவங்களுக்கு அசல் தங்கப்பனை 1962லயே வந்தாச்சு. தி கிவன் வேர்ட், டைரக்டர் அன்செல்மோ துவார்ச்சே. அந்த வருஷம் கூட ஓடினது யாருன்னு பாருங்க, அன்டோனியோனி, புனுவெல்னு பெரிய டைரக்டருங்க, நம்ம சத்யஜித் ராயோட தேவியும் போட்டியில இருந்துச்சு. இத்தனை பேரையும் தாண்டி ஒரு கழுதைக் கதை ஜெயிச்சுது.

நிஜமாவே கழுதைக் கதைதான். கிராமத்து விவசாயி ஒருத்தன், அவன் கழுதை அடிபட்டு சாகக் கிடக்கு, பொழைச்சா என் நிலத்த ஏழைங்களுக்கு பிரிச்சு குடுத்துட்டு ஏசு சுமந்த மாதிரி ஒரு பெரிய சிலுவைய சாந்தா பார்பரா கோயிலுக்கு தூக்கிட்டு வரேன்னு வேண்டிக்கறான். கழுதை பொழைச்சுக்குது. இவனும் மரச்சிலுவைய தோள்ல வச்சுகிட்டு நடையா நடந்து சால்வடார்ங்கற பிரேசில் நகரத்துக்கு வந்து சேர்றான், தோள் புண்ணாகி ரத்தம். பாதிரியார் நீ எங்க வேண்டிகிட்டன்னு கேக்க, இவன் கள்ளம் கபடமில்லாம காந்தோம்பிளே பூசை எடத்துலன்னு சொல்லிடறான், அது ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையா வந்தவங்களோட சாமி வழிபாடு, அங்க இயான்சான்ங்கற சாமியும் இங்க சாந்தா பார்பராவும் அவனுக்கு ஒண்ணுதான். அவ்ளோதான், சர்ச் கதவ சாத்திட்டாங்க. மிச்சப்படம் பூரா அந்தப் படிக்கட்டுலதான் நடக்கும். பேப்பர்காரன் வர்றான், வியாபாரி வர்றான், போலீஸ் வருது, கபோய்ரான்னு சண்டை மாதிரி ஆட்டம் ஆடறவங்க வர்றாங்க, ஆளாளுக்கு அவன வச்சு ஒரு கணக்கு போடறாங்க, அவன் மட்டும் அதே பாட்ட பாடிட்டு நிக்கறான், "வேண்டுதல் வேண்டுதல்தானே". குலதெய்வத்துக்கு நேந்துகிட்ட குடும்பத்துல பொறந்தவனுக்கு இந்தப் படத்துக்கு சப்டைட்டிலே தேவைப்படாது. முடிவ சொல்ல மாட்டேன்.

ஆரம்பிக்கறதுன்னா இங்க இருந்து ஆரம்பிங்க.

சுண்டல்:

வெள்ளைக்காரன் கைதட்டினாதான் படமா ரீல்பெட்டி சார்? அந்த துவார்ச்சேய அவங்க ஊர்லயே பெரிய அறிவாளி கோஷ்டி மதிக்கலன்னு எங்கயோ படிச்ச ஞாபகம்.

ரீல்பெட்டி:

சுண்டல், கரெக்டாதான் படிச்சிருக்கீங்க. அவரு அதுக்கு முன்னாடி அழகான ஹீரோவா நடிச்சுகிட்டு இருந்த ஆளு. சினிமா நோவோன்னு அப்ப வந்த புது அலை சினிமா பசங்களுக்கு இவரு பழைய ஸ்டூடியோ ஆளு, எங்க கட்சி இல்லைன்னு ஒரு இளக்காரம். கையில ஒரு கேமரா, தலையில ஒரு ஐடியா, இது போதும் படம் எடுக்கன்னு சொல்லிகிட்டு திரிஞ்ச கும்பல் அது. அதுல பெரிய தலை கிளாபர் ரோஷா, பாயீயா மாநிலத்துக்காரரு. 1969ல கேன்ஸ்ல பெஸ்ட் டைரக்டர் வாங்கினாரு, அன்டோனியோ தாஸ் மோர்டெஸ்னு ஒரு படத்துக்கு, வறண்ட காட்டுல துப்பாக்கி, பாட்டு, கூத்து எல்லாம் சேர்ந்து நம்ம தெருக்கூத்து மேடைய பொட்டல்ல போட்ட மாதிரி இருக்கும். எனக்கு முதல் தடவை பாதிக்கு மேல புரியல, ரெண்டாவது தடவையும் கொஞ்சம் தூங்கினேன், மறைக்கறதுக்கு என்ன இருக்கு.

ஆனா கவனிங்க, அந்த விருது வந்த நேரத்துல ஊர்ல மிலிட்டரி ஆட்சி. 1964ல புடிச்சவங்க 1985 வரைக்கும் விடல. 1968 டிசம்பர்ல ஒரு சட்டம் போட்டு சென்சார், கைது எல்லாத்தையும் இறுக்கிட்டாங்க. கிளாபரும் கொஞ்ச வருஷத்துல ஊர விட்டு கிளம்பிட்டாரு, 42 வயசுல செத்தும் போயிட்டாரு.

அடுத்த அடி 1990ல. புதுசா வந்த பிரசிடென்ட் கொலோர், அரசாங்கத்தோட சினிமா கம்பெனி எம்பிராஃபில்மே, அத ஒரே கையெழுத்துல மூடிட்டாரு. பணம் போட்டதும் அவங்கதான், விநியோகமும் அவங்கதான். தியேட்டருக்கு வர்ற சொந்த ஊர் படம் கிட்டத்தட்ட இல்லன்னு ஆயிடுச்சு, 1993ல வரிச்சலுகை சட்டம் ஒண்ணு வந்தப்புறம்தான் மூச்சு வந்துச்சு. "ஏன் இவ்ளோ நாள்"னு கேட்டீங்களே தம்பி, பாதி பதில் இதுதான். திறமை இல்லாம இல்ல, நடுநடுவுல யாராவது வந்து மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு போயிட்டே இருந்தாங்க.

நெல்லை_செல்வி:

எல்லாரும் டைரக்டர் பேரா சொல்லுதீங்க, ரெண்டு பெர்னாண்டாவப் பத்தி யாரும் வாயத் திறக்கல. நான் சொல்லுதேன்.

அம்மா பெர்னாண்டா மான்டினீக்ரோ. மக பெர்னாண்டா டோரஸ். அம்மா நடிச்ச படம் சென்ட்ரல் ஸ்டேஷன், 1998, டைரக்டர் வால்டர் சாலஸ். ரியோ ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு சின்ன மேசை போட்டு, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு லெட்டர் எழுதிக் குடுக்கற ரிட்டயர்டு டீச்சர் டோரா. முகத்துல ஒரு இரக்கம் கிடையாது. காசு வாங்கிட்டு லெட்டர வீட்டுக்கு எடுத்துட்டு போயி, தோழியோட உக்காந்து படிச்சு சிரிச்சுட்டு கிழிக்கும், இல்லைனா டிராயர்ல போட்டு மூடிரும். தபால்ல போடவே போடாது! நம்மூர்ல போஸ்ட் ஆபீஸ் வாசல்ல மணியார்டர் ஃபாரம் எழுதிக் குடுக்க ஒரு தாத்தா இருப்பாரு, எங்க ஆச்சி அவருகிட்ட எழுதிகிட்டு வந்ததெல்லாம் போய்ச் சேர்ந்துச்சான்னு படம் பாத்தப்புறம் எனக்கு சந்தேகமே வந்துட்டு. ஸ்டேஷன்ல ஷூட்டிங் நடக்கும்போது போற வர்ற சனங்க நெசம்னு நெனச்சு வந்து உக்காந்து லெட்டர் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்களாம், அதுல சிலது படத்துலயே இருக்கு. டோராவோட சேர்ந்து நடிச்ச சின்னப் பையன் வினீசியஸ் கூட ஏர்போர்ட்ல ஷூ பாலிஷ் போட்டுகிட்டு இருந்தவன், சாலஸ்கிட்ட காசு கேட்டு வந்த இடத்துல சிக்கினான்.

பெர்லின் பட விழாவுல முதல் பரிசு தங்கக்கரடி படத்துக்கு, நடிப்புக்கான வெள்ளிக்கரடி அம்மாவுக்கு. 1999 ஆஸ்கார்ல பெஸ்ட் ஆக்ட்ரஸ் நாமினேஷன், கிடைக்கல. பிரேசில்காரங்க இன்னைக்கு வரைக்கும் அத மறக்கலன்னு கேள்வி, அந்த வருஷம் ஜெயிச்ச பால்ட்ரோ பேரச் சொன்னாலே இப்பவும் சண்டைக்கு வருவாங்களாம்.

26 வருஷம் கழிச்சு ஐம் ஸ்டில் ஹியர்ல அதே டைரக்டர், மக பெர்னாண்டா, அதே நாமினேஷன். ஆஸ்கார் அவங்களுக்கும் இல்ல, ஆனா அதுக்கு முன்னாடி ஜனவரில கோல்டன் குளோப் ஜெயிச்சுட்டாங்க, அம்மா 1999ல போயி வெறுங்கையோட வந்த அதே குளோப். மேடையில நின்னு இது எங்கம்மாவுக்குன்னு சொன்னப்ப நானும் அழுதேன்னு வச்சுக்கோங்க. இதுல இன்னொண்ணு, மக 1986லயே, 20 வயசுல, கேன்ஸ்ல பெஸ்ட் ஆக்ட்ரஸ் வாங்கினவங்க. இது நெறைய பேருக்கு தெரியாது. அதே வருஷம் பெர்லின்ல மார்சேலியா கார்டாஷோவுக்கு வெள்ளிக்கரடி, அந்தப் படத்த எடுத்தது சுசானா அமரால்னு ஒரு அம்மா. பொம்பளைங்க எப்பவோ வாங்கி வச்சுட்டாங்க, நீங்க இப்பத்தான் லிஸ்ட் போடுதீங்க.

ஐம் ஸ்டில் ஹியர்ல மக நடிச்ச யூனிஸ்ங்கற பாத்திரம் கடைசியில வயசாகி வரும்ல, அப்ப வர்றது அந்த அம்மாவேதான். ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. டிவியில புருஷன் போட்டோ வரும், கண்ணுல மட்டும் ஏதோ ஒண்ணு அசையும். அவ்ளோதான் சீன்.

சுண்டல்:

செல்வி அக்கா அது சரி, ஆனா சாலஸ் பேங்க் முதலாளி பையன். அப்பா பெரிய வங்கிக்காரரு, தூதரா வேற இருந்தவரு. காசு இருக்கறவன் படம்தான் ஆஸ்கார் வரைக்கும் போகும். கேம்பெயினுக்கு கொட்டற காசு தெரியுமா?

நெல்லை_செல்வி:

தெரியும்ல. ஆனா அவரு அந்தக் கதைக்கு வெளியாள் இல்ல சுண்டல். படத்துல வர்ற குடும்பம் நெசமான பைவா குடும்பம், சின்ன வயசுல அந்த வீட்டுப் பிள்ளைங்களோட பழகினவரு, ரியோல அந்த வீட்டுக்கு போயி வந்தவரு. காசு இருக்கவன் எல்லாம் இப்படி ஒரு படம் எடுத்துருவானா, எடுத்துக் காட்டச் சொல்லுங்க பாப்போம்.

வடமராட்சி_பாரிஸ்:

வணக்கம். நான் இதில பெரிசா எழுதுற ஆள் இல்ல, வாசிச்சுக்கொண்டு போறதுதான். ஐம் ஸ்டில் ஹியர் இஞ்ச வந்த கிழமையே போய்ப் பாத்தனான், அதால ரெண்டு விசயம் சொல்லவேணும் போல கிடக்கு.

கதை தெரியாதவைக்கு: ரூபன்ஸ் பைவா எண்டு முந்தி எம்பியா இருந்தவர், 1971 ஜனவரியில வீட்டை வந்து விசாரணைக்கு எண்டு கூட்டிக்கொண்டு போச்சினம், அவர் தன்ர காரைத் தானே ஓட்டிக்கொண்டு போறார். பிறகு ஆளைக் காணேல்ல. அரசாங்கம் தப்பி ஓடிட்டார் எண்டு சொன்னது. மனிசி யூனிஸ், அஞ்சு பிள்ளையள். அவ பிறகு படிச்சு லோயராகி பழங்குடியளின்ர உரிமைக்கு வேலை செய்தவ. இது மகன் மார்செலோ எழுதின புத்தகத்தில இருந்து எடுத்தது, எல்லாம் நடந்த கதை.

ஒரு சீன். பேப்பர்காரர் படம் எடுக்க வருகினம், குடும்பம் சோகமா நிக்கவேணும் எண்டு அவைக்கு விருப்பம். யூனிஸ் பிள்ளையளப் பாத்து சிரியுங்கோ எண்டு சொல்லுறா. எல்லாரும் சிரிக்கினம். தியேட்டரில எனக்குப் பக்கத்தில இருந்த பிரெஞ்சுக்காரியும் சிரிச்சவ, எனக்கு தொண்டை அடைச்சுப் போச்சு.

பிறகு 1996ல மரணச் சான்றிதழ் கிடைக்குது. அதக் கையில வச்சுக்கொண்டும் சிரிக்கிறா. 25 வருசம் அந்தக் கடதாசிக்காக நிண்டவ. எங்கட பக்கம் வவுனியாவில, கிளிநொச்சியில தாய்மார் ரோட்டோரம் கொட்டில் போட்டு வருசக்கணக்கா இருக்கினம், அவை மரணச் சான்றிதழ் வேண்டாம், பிள்ளை எங்க எண்டு சொல்லு எண்டுதான் கேக்கினம். ஒருத்திக்கு அந்தக் கடதாசி வேணும், மற்றவைக்கு அது வேணாம். ரெண்டும் ஒரே கேள்விதான் எண்டு எனக்குப் படுது. இதுக்கு மேல எழுதினா வேற பக்கம் போயிடும்.

ஒண்டு மட்டும், படம் ஓடிக்கொண்டிருக்கேக்கயே, 2025 ஜனவரியில, அந்தச் சான்றிதழைத் திருத்தி இது இயற்கைச் சாவில்ல, பிரேசில் அரசு செய்த வன்முறைச் சாவு எண்டு எழுதிக் குடுத்திருக்கினம். யூனிஸ் 2018லயே போயிட்டா.

பால்கனி_டிக்கெட்:

அண்ணா நீங்க எழுதினத படிச்சதும் பிரியாணி பேச்சே கொஞ்சம் கூச்சமாயிடுச்சு. இந்த வாரமே பார்க்கறேன்.

ரீல்பெட்டி சார், சிட்டி ஆஃப் காட் அப்ப ஆஸ்காரே வாங்கலயா? நான் நாலஞ்சு வாங்கியிருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன்.

ரீல்பெட்டி:

ஒண்ணு கூட இல்ல தம்பி. பிரேசில் அத முறையா அனுப்பினப்ப நாமினேஷனே கிடைக்கல. அப்புறம் அமெரிக்காவுல தியேட்டர்ல ஓடி, அடுத்த வருஷம் 2004ல பொதுப் பிரிவுலயே நாலு நாமினேஷன், டைரக்டர் பெர்னாண்டோ மெய்ரெல்லஸ், திரைக்கதை, ஒளிப்பதிவு, எடிட்டிங். நேரம் பாருங்க, அந்த வருஷம்தான் லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் மூணாவது பாகம் வந்து போட்டியிட்ட பதினொண்ணுலயும் வாரிட்டு போச்சு. நாலுல மூணு அதுகிட்ட தோத்தது. கூட டைரக்ட் பண்ணின காட்யா லுண்ட் பேர நாமினேஷன்ல சேர்க்கவே இல்ல, அந்த ஃபவேலா, அதாவது குடிசைப்பகுதி பசங்களுக்கு மாசக்கணக்கா பட்டறை நடத்தி நடிக்க வச்சதுல அவங்க பங்கு பெரிசு. எனக்கு அதுதான் ஆத்திரம். ஆரம்பத்துல கோழி தப்பிச்சு ஓடற சீன், அந்த எடிட்டிங்குக்கே குடுத்திருக்கலாம்.

நாலு வருஷம் கழிச்சு எலைட் ஸ்குவாட் பெர்லின்ல தங்கக்கரடி. ரிலீசுக்கு மாசக்கணக்குக்கு முன்னாடியே திருட்டு டிவிடி தெருத்தெருவா வித்துருச்சு, நம்ம பர்மா பஜார் எல்லாம் பிச்சை வாங்கணும். அதுல போலீஸ் கேப்டன் வாக்னர் மௌரா, நார்கோஸ் சீரிஸ்ல போதை கடத்தல்காரன் எஸ்கோபாரா வந்தாரே அவரேதான்.

வடமராட்சி_பாரிஸ்:

ஓம், அவர்தான் இப்ப தி சீக்ரெட் ஏஜென்ட்டில. 2025 கேன்ஸில அவருக்கு பெஸ்ட் ஆக்டர், கிளெபர் மென்டோன்சா ஃபில்யோவுக்கு பெஸ்ட் டைரக்டர், ஒரே படத்துக்கு ரெண்டு. சிவப்புக் கம்பளத்தில ஃப்ரேவோ எண்ட கார்னிவல் நடனம் ஆடுற ஆக்களைக் குடையோட கூட்டிக்கொண்டு வந்தவை. பிறகு 2026 ஜனவரியில கோல்டன் குளோபும். போன கிழமை பாத்தனான்.

1977, கார்னிவல் நேரம், மஞ்சள் ஃபோக்ஸ்வாகன் ஒண்டு பெற்றோல் செட்டுக்கு வருது. அந்தச் செட்டு முன்னால நிலத்தில ஒரு பிரேதம், மேல கடதாசி மட்டை போட்டு மூடிக் கிடக்கு, நாயள் சுத்துது. போலீஸ் வருது, பிரேதத்தப் பாக்கவே இல்ல, காரில வந்த மௌரான்ர காரைத்தான் சோதிக்கினம். எல்லாம் சரி எண்டு தெரிஞ்சாப் பிறகு ஏதாவது தாங்கோவன் எண்டு கை நீட்டினம், இவர் சிகரெட் பெட்டியக் குடுக்கிறார். முதல் சீனே இது. நாடு எப்பிடி இருந்தது எண்டு இதுக்கு மேல சொல்லத் தேவையில்ல.

ரீல்பெட்டி:

கிளெபர் நம்ம ஆளு! அதாவது விமர்சகரா எழுதிகிட்டு இருந்தவரு, ரெசிஃபே ஊர்ல ஒரு தியேட்டருக்கு எந்தப் படம் போடறதுன்னு வருஷக்கணக்கா பார்த்துகிட்டவரு. ஃபோரம்ல சண்டை போடற எவனுக்கும் நம்பிக்கை வரணும்னா இவரத்தான் பார்க்கணும். ரியோ சாவோ பாவ்லோ பக்கமே போகாம வடகிழக்குல தன் ஊரையே சுத்திச் சுத்தி எடுக்கறாரு. 2016ல அக்வாரியஸோட கேன்ஸ் போனப்ப டீமோட பதாகை புடிச்சு ஊர்ல நடந்த ஆட்சி மாத்தத்த எதிர்த்தாரு, அந்த வருஷம் பிரேசில் ஆஸ்காருக்கு அவரு படத்த அனுப்பல, ஏன்னு நீங்களே யோசிச்சுக்குங்க. 2019ல பாகுராவ் கேன்ஸ் ஜூரி பரிசு. மேப்ல இருந்து ஒரு ஊரே காணாம போற கதை, இண்டர்வெல்லுக்கு அப்புறம் செம அடிதடி. சுண்டலுக்கு புடிக்கும்.

சுண்டல்:

அடிதடின்னா பார்ப்பேன். பேங்க் முதலாளி படம் அப்புறம் பார்க்கலாம்.

பால்கனி_டிக்கெட்:

அப்டேட். நேத்து ராத்திரி தி கிவன் வேர்ட் பார்த்தேன், பழைய கருப்பு வெள்ளை பிரிண்ட், சப்டைட்டில் அங்கங்க முன்னப்பின்ன ஓடுச்சு. பத்து நிமிஷம் பார்ப்போம்னுதான் உக்காந்தேன், முடிச்சப்ப மணி ஒண்ணரை. எங்க தாத்தா பழனிக்கு காவடி எடுக்கறேன்னு வேண்டிகிட்டு மாட்டுக்கு சரியானதும் நடந்தே போனவரு, அம்மா அடிக்கடி சொல்லும். அந்த ஆளு படிக்கட்டுல சிலுவைய சாய்ச்சு வச்சுட்டு, கதவு திறந்துரும்னு சும்மா உக்காந்திருக்கான் பாருங்க, அந்த முகம் தூங்க விடல.

நண்பர்கிட்ட ரீல்பெட்டி சார் பதிலயே காட்டினேன். மொய் நோட்டு பாயிண்ட படிச்சுட்டு, அப்ப கல்யாணம் அங்கதான நடந்துச்சுன்னு திருப்பி கேக்கறாரு. ஒரு பிரியாணி அவரு வாங்கித் தர்றாரு, இன்னொன்ன நான் வாங்கறேன்னு முடிவாயிருக்கு. செல்வி அக்கா, சென்ட்ரல் ஸ்டேஷன் ஞாயித்துக்கிழமை, அம்மாவோட உக்காந்து.